ஃபுட்பால் ஷூ தைக்க ஒரு பெயரில்லாக் கடை, வியாசர்பாடி

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. பெயர்ப்பலகை கிடையாது, மேப்பில் தேடியும் பயனில்லை. கையில் பந்தோடு போகும் எந்தப் பையனிடமாவது “ஷூ தைக்கிற அண்ணா கடை எது?” என்று கேளுங்கள், கொண்டுபோய் விட்டுவிடுவான். ஒரு ஷட்டர், ஒரு தையல் மெஷின், பசை டப்பாக்கள், வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல். கடை அவ்வளவுதான்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளி டீமில் சேர்ந்த பிறகுதான் ஃபுட்பால் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு வாங்கிய ஷூ இரண்டே மாதத்தில் வாயைப் பிளந்தது. வீட்டுப் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்து ஒட்டினோம். அடுத்த மேட்சில் சோல் தனியாகக் கழன்று விழ, பிள்ளை சாக்ஸோடு வெளியே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய கோச்தான் இந்தக் கடையைச் சொன்னார்.

அண்ணா ஷூவைக் கையில் வாங்கியதும் கிழிந்த இடத்தைப் பார்க்கவில்லை. இரண்டையும் கவிழ்த்துப் போட்டு அடியில் தரையைப் பிடிப்பதற்காக இருக்கும் குமிழ்களை, அதாவது ஸ்டட்களை, கட்டைவிரலால் தடவினார்.

“பாப்பா, நீ வலது கால்லதான் அடிப்ப, இல்ல?”

“ஆமா அங்கிள்.”

“இடது கால் சும்மா ஊனிக்கிறதுக்கு மட்டும்.”

அவள் என்னைப் பார்த்தாள், நான்தான் சொல்லிவைத்தேனோ என்று. எனக்கு என்ன தெரியும்? அப்புறம் அவரே காட்டினார். இடது ஷூவில் வெளி ஓரத்து ஸ்டட்கள் மழுங்கியிருந்தன. வலது ஷூ கிட்டத்தட்ட புதுசு. “எதிர் டீம் டிஃபெண்டர் இதைக் கண்டுபிடிச்சா அவ்ளோதான். உன்னை இடது பக்கமே தள்ளிக்கிட்டுப் போவாங்க. ரெண்டு வாரம் இடது கால்ல மட்டும் அடி.” ஷூ தைக்கக் கொடுத்தால் கோச்சிங்கும் சேர்ந்து வருகிறது.

வேலைக்கு வருவோம். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு பக்கமும் பசை தடவி, அது கையில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் அழுத்துகிறார். அதன்மேல் சோலைச் சுற்றி நைலான் நூலால் தையல். இரண்டு ஷூவுக்கும் சேர்த்து 280 ரூபாய் வாங்கினார். ஏழு மாதமாக அந்தத் தையல் அசையவில்லை. குதிகால் பக்கம் லூஸாக இருந்ததற்கு உள்ளே ஒரு துண்டு ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுத்தார், அதற்குத் தனியாக 60. பெண் பிள்ளைகளுக்குக் குதிகால் ஒடுக்கமாக இருக்கும், பசங்க ஷூவை வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே இரண்டு சாக்ஸ் போடச் சொல்கிறார்கள் என்று திட்டினார். “வளர்ற புள்ளை” என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியதற்கும் திட்டு வாங்கினேன்.

ஷூ ஏன் கிழிந்தது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கியது நல்ல புல்தரைக்கான நீள ஸ்டட். நம் மைதானங்களோ காய்ந்து கல்லாகக் கிடப்பவை. ஸ்டட் மண்ணில் இறங்காது, அதனால் அடியெல்லாம் சோலுக்கும் முட்டிக்கும் போகிறது. இந்த ஊர் மண்ணுக்குக் குட்டை குட்டையாக நிறைய ரப்பர் ஸ்டட் உள்ள டர்ஃப் ஷூ போதுமாம், விலையும் குறைவு. ஆன்லைனில் இதை யாரும் சொல்லவில்லை.

முட்டி என்று சொல்லும்போது அவர் கை தானாகத் தன் வலது முட்டிக்குப் போகும். அவர் ஆடிய நாளில் சென்னை ஃபுட்பால் என்றால் பெரும்பாலும் ஆபீஸ் டீம்கள்தான்: ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ். லீகில் கண்ணில் படுகிற மாதிரி ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அப்புறம் கால் போனாலும் சம்பளம் போகாது. “நாங்க கோலுக்கு ஆடல மேடம், ஆர்டருக்கு ஆடினோம்” என்றார். ஒரு டீம் இவரை மூன்று வருடம் மாத உதவித்தொகையில் வைத்திருந்தது. வேலைக்கான ஆர்டர் வருவதற்குள் கேரளாவில் மலப்புரம் பக்கம் செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், ஆடப் போனார். கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, வெளியூர் ஆட்களை மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி இறக்குகிற ஆட்டம் அது. அங்கே லிகமெண்ட் அறுந்தது. வயது 26. பெரியமேட்டில் ஷூ யூனிட் வைத்திருந்த மச்சானிடம் தையல் கற்றுக்கொண்டார். இதையெல்லாம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். வருத்தமாகச் சொன்னாரா என்றால், தெரியவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். 1966 உலகக் கோப்பை ஃபைனலில் மூன்று கோல் போட்ட இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் பிற்பாடு இன்சூரன்ஸ் விற்றவராம். அதே டீமின் லெஃப்ட் பேக் ரே வில்சன், ஹடர்ஸ்ஃபீல்டில் இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தினார். “ஒருத்தர் பாலிசி போட, இன்னொருத்தர் அனுப்பிவைக்க. டீம் வொர்க்!” வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், இரண்டும் உண்மை. 2002 உலகக் கோப்பையில் 11 நொடியில் கோல் போட்ட துருக்கியின் ஹகான் ஷுகூர் அமெரிக்காவில் ஊபர் ஓட்டினார் என்பதும் இவர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு அரசியல் காரணம், அது வேறு கதை.

என் மகளுக்கு அவர் சொன்ன பெயர் வேறு: இந்துமதி கதிரேசன். கடலூர்ப் பெண், இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. கொரோனா ஊரடங்கில் சென்னை ரோட்டில் டூட்டி பார்த்தவர். அன்றிலிருந்து வீட்டில் ‘எஸ்.ஐ. ஆகப்போறேன்’ பேச்சுதான். கணக்குப் பாடம் பற்றிப் பேச்சில்லை.

குறைகளும் உண்டு. “நாளைக்கு வாங்க” என்றால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மேட்ச் என்றால் திங்களே கொடுத்துவிடுவது நல்லது. மாலை நாலிலிருந்து ஆறரை வரை ஷட்டர் மூடியிருக்கும், ஆள் கிரவுண்டில் இருப்பார். போன் எடுக்க மாட்டார். நான் இரண்டு தடவை வெயிலில் வந்து திரும்பியிருக்கிறேன். ஜிபேயில் அவர் மனைவி பெயர் வரும், பயப்பட வேண்டாம். ஆபீஸ் ஷூ, செருப்பு எதையும் தொடமாட்டார். என் செருப்பு வார் அங்கேயே அறுந்த அன்று, அதையும் கொஞ்சம் பாருங்கள் என்று நீட்டினேன். “அதுக்கு முனையில ஒருத்தர் இருக்கார் மேடம்” என்று விட்டார். வாரைப் பிடித்துக்கொண்டு முனை வரை நடந்தேன்.

புது ஷூ வாங்கித்தர முடியாதவர்கள் கேட்டுப் பாருங்கள், உள் அலமாரியில் தைத்துத் தயாரித்த பழைய ஷூக்கள் இருக்கின்றன. 300லிருந்து 500 வரை. சில பையன்களிடம் அதுவும் வாங்குவதில்லை, நோட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த நோட்டை அவர் திருப்பிப் பார்த்து நான் கண்டதே இல்லை.

போன வாரம் மறுபடி போனோம். ஷூவைக் கவிழ்த்தார், இரண்டையும் தடவினார், என் மகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

“வலதும் தேய ஆரம்பிச்சிருக்கு. அப்ப இந்தத் தடவை ரெண்டு ஷூவுக்கும் ஸ்டட் வேலை இருக்கு. நாளைக்கு வாங்க.”

வியாழக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.