ஆப்பிள் மரம் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போன பச்சைக் கட்டை

இங்கிலாந்தில், அதுவும் கென்ட் பக்கம், குளிருக்கு விறகு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்குப் போனது 220 பவுண்டும் ஒரு குளிர்காலமும்.

கென்ட் பழத்தோட்டங்களுக்குப் பேர் போன பகுதி. பழைய ஆப்பிள் தோட்டங்களைப் பிடுங்கிவிட்டுப் புது ரகமோ ஒயின் திராட்சையோ வைப்பது இங்கே வழக்கம்தான். அதனால் பழமர விறகு கிடைக்கும் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆப்பிள், பேரி, செர்ரி எல்லாமே கெட்டியான மரம், நின்று எரியும், லேசான வாசனை வேறு. எங்கள் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த லாக் பர்னர், அதாவது அறையைச் சூடாக்கும் விறகடுப்பு இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வேறு வரப்போகிறார், வீடு கதகதப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

விளம்பரத்தில் 'சீசன்ட் ஆர்ச்சர்ட் லாக்ஸ்', அதாவது காயவைத்த பழத்தோட்ட விறகு என்று போட்டிருந்தது. போன் செய்தேன். "ஆப்பிளும் செர்ரியும்தான், ரெண்டு வருஷம் காய்ஞ்சது" என்றார் விற்பவர். ஒரு கியூபிக் மீட்டர் போதும் என்றேன். "ரெண்டுக்குக் குறைஞ்சு தர்றதில்லை" என்றார். மொத்த வியாபாரி போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

அந்த 'ரெண்டு'க்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது. 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கியூபிக் மீட்டருக்குக் குறைவாக விறகு விற்றால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) என்ற சான்று முத்திரையும் இருக்க வேண்டும். 2 கியூபிக் மீட்டரும் அதற்கு மேலும் என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எப்படிக் காயவைப்பது என்று எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு அந்தத் தாளும் வரவில்லை.

நவம்பர் மாதம், சாயங்காலம் ஐந்து மணி. நன்றாக இருட்டிவிட்டது. டிப்பர் வண்டியில் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். டார்ச் வெளிச்சத்தில் கட்டைகள் செக்கச்செவேலென்று இருந்தன. "பாருங்க, செர்ரி" என்றார். காசை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. இருட்டில் விறகு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பற்றவைத்தால் பிடிக்கவே இல்லை. 'ஸ்ஸ்' என்று சத்தம், கட்டையின் இரண்டு முனையிலும் நுரை. அரை மணி நேரத்தில் கண்ணாடி கறுத்துவிட்டது. இருபது வருஷம் விறகடுப்பில் சமைத்த அம்மா, கூடையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். 'டொப்' என்றது. காய்ந்திருந்தால் 'டங்' என்று கேட்குமாம். "என்னடா இது, பச்சை விறகைக் காசு கொடுத்து வாங்கியிருக்கே?" என்றார்.

அப்புறம்தான் ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். கட்டையின் வெளிப்பக்கம் குத்தினால் 22 காட்டியது. பரவாயில்லையே என்று நினைத்து, கோடரியால் பிளந்து உள்முகத்தில் குத்தினேன். 38. வெளியே குத்தி மட்டும் பார்த்திருந்தால் மறுபடியும் ஏமாந்திருப்பேன். ஈரக் கட்டையை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை குளிர்ந்து புகைபோக்கிக்குள் தாராகப் படியும். படிந்த தார் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும்.

பயந்துபோய் புகைபோக்கி சுத்தம் செய்பவரை வரவழைத்தேன். உள்ளே பளபளவென்று கறுப்பாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக் காட்டினார். பிறகு குவியலைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிவப்புக் கட்டை செர்ரியே இல்லையாம், ஆல்டர். வெட்டும்போது வெள்ளையாக இருக்கும், காற்றுப்பட்டதும் ஆரஞ்சுச் சிவப்பாக மாறிவிடும். செர்ரி என்றால் பட்டையில் குறுக்கே கோடுகோடாக இருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி பாப்லர். எரிந்தால் நாற்றம், சூடும் குறைவு. காற்றைத் தடுக்கப் பழத்தோட்டத்தின் ஓரத்தில் வரிசையாக நட்டு வைப்பார்களே, அந்த மரங்கள்தான் இரண்டும். பத்துக் கட்டைக்கு இரண்டு தேறினால் ஆப்பிள்.

விற்றவருக்குப் போன் போட்டேன். அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "ஆர்ச்சர்ட் லாக்ஸ்னுதானே போட்டேன். அந்த மரமெல்லாம் ஆர்ச்சர்ட்லதானே நின்னுச்சு?" செர்ரி என்று வாயால் சொன்னதைக் கேட்டதும் லைன் கட். அதற்குப் பிறகு என் நம்பரே அவருக்குப் போகவில்லை.

இதுவரை கூடச் சகித்துக்கொள்ளலாம். குவியலின் அடியில் ஒரே அளவாக உருட்டிச் சீவிய நாலு கட்டைகள் கிடைத்தன. லேசான பச்சை நிறம், ஒன்றில் கம்பியைப் பிடிக்க அடித்த ஆணி. ஆப்பிள் கன்றுக்கு முட்டுக்கொடுக்கும் கம்புகள் அவை. பழைய கம்புகளை மக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைப்பார்கள். அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். அடுப்பு இருக்கும் அதே அறையில் என் இரண்டு வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. தோட்டத்து விறகு வாங்கினால், பச்சை பூத்த, ஆணி அடித்த கட்டை ஒன்றுகூட அடுப்புக்குள் போகாமல் பாருங்கள்.

அளவு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொட்டிய குவியல் 2 கியூபிக் மீட்டர், அடுக்கிப் பார்த்தால் 1.3தான் வந்தது. தொழிலில் அதுதான் வழக்கமாம். கொட்டிய அளவா, அடுக்கிய அளவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியது நம் வேலை.

நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், பதிவு செய்துகொண்டார்கள். ரொக்கம் கொடுத்து, ரசீதும் இல்லாததால் பணம் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. கட்டைகளைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போகும்படி அடுக்கி வைத்திருக்கிறேன். இப்போது 29 காட்டுகிறது.

போன வாரம் அதே படத்தோடு, வேறு நம்பரில், அந்த விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை 240 பவுண்டு.