மூக்கு முடி வெட்ட எது வாங்கலாம்: கத்தரிக்கோலா, திருகு டிரிம்மரா, அமுக்கு டிரிம்மரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நகவெட்டியும் சீப்பும் விற்கிற மேசையிலேயே மூக்கு முடி வெட்டும் சாமானும் கிடக்கும். பேட்டரி இல்லாமல் கையாலேயே வேலை செய்வது என்று பார்த்தால் முக்கியமாக மூன்று வகை: நுனி உருண்ட சின்னக் கத்தரிக்கோல், அடியைத் திருகினால் வெட்டும் குழாய் டிரிம்மர், இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் வெட்டும் டிரிம்மர். கண்ணும் கையும் ஒழுங்காக இருப்பவருக்குக் கத்தரிக்கோலே போதும் என்பது என் கட்சி.

அதில் என்ன வெட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். வெளியே எட்டிப் பார்க்கிற முடியை மட்டும் நறுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் தேவையும் இல்லை. தூசியைப் பிடித்து வைக்கத்தான் அந்த முடியே இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி தோட்டத்துச் செம்மண் பாதையில் புழுதி கிளப்பும் ஊரில், அவ்வப்போது புகைமூட்டமும் வந்து உட்காரும் ஊரில், அதை அடியோடு மழிப்பது ஜன்னல் கொசுவலையை நாமே கிழிப்பது மாதிரி.

வாங்குமுன் கத்தரியை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் குற்றமில்லை, நுனி இரண்டும் சேர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் டிஷ்யூவை நனைத்து நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். நறுக்கென்று வெட்டினால் நல்லது. டிஷ்யூ மடங்கி அலகுக்குள் மாட்டினால் முடியும் அப்படித்தான் மாட்டும். நகத்தோரத் தோல் வெட்டும் கத்தரியும் பக்கத்திலேயே, பார்க்க இதே மாதிரிதான் தொங்கும். அதன் நுனி ஊசி. மூக்குக்கு ஆகாது.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத்தான் கத்தரியோடு தகராறு. கண்ணாடி போட்டால் மூக்கை மறைக்கும், கழற்றினால் முடி தெரியாது. கை நடுக்கமும் சேர்ந்துவிட்டால் திருகு டிரிம்மரே சரி. குழாயின் தலையில் வரிவரியாகப் பிளவுகள் இருக்கும். முடி அதற்குள் நுழைய, உள்ளே சுழலும் பிளேடு அதை நறுக்கும். கூர் நேரடியாகச் சதையில் படாது. அமெரிக்கத் தயாரிப்பான குரூம் மேட் இந்த வகையில் பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்ற மாதிரிதான். மலிவுச் சாமானில் பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டாது, பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து வெளியே இழுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். திருகிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை திருக, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அமுக்கு வகைக்கு ஒரு கை போதும், கழுவுவதும் சுலபம். ஆனால் கொஞ்சம் கோணலாக அமுக்கினாலும் தகடுகள் சரியாகச் சேராமல் முடியைக் கவ்வும். பெட்டிமேல் போட்டிருக்கும் படத்தை நம்பி வாங்குகிற சாமான் இது. எனக்குப் பிடிக்கவில்லை.

இடுக்கியால் பிடுங்குவதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. மூக்கு வாசலில் பலருக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சும்மாவே குடியிருக்கும். பிடுங்கிய துளை வழியாக அது உள்ளே போனால் கொப்புளம், வீக்கம். மூக்கும் மேலுதடும் சேர்ந்த பகுதியின் ரத்த நாளங்கள் மூளையடி நாளங்களோடு தொடர்புள்ளவை என்பதால், அபூர்வமாகத்தான் என்றாலும், தொற்று அங்கே வரை போகக்கூடும். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. தொற்று எளிதில் முற்றக்கூடிய அவர்களுக்கு இந்தப் பிடுங்கல் வேண்டவே வேண்டாம்.

பாத்திரக் கடைப் பழக்கத்தில் காந்தம் வைத்துப் பார்த்து, “ஒட்டுதே, இது எவர்சில்வரே இல்லை” என்று கத்தரியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கூர் நிற்கும்படி கடினமாக்கிய ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். சமையல் பாத்திரத்து எஃகைவிட அது கொஞ்சம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அவ்வளவே. நம்மூர் ஈரத்துக்குக் குளியலறையில் போட்டு வைக்காமல், துடைத்து அலமாரியில் வையுங்கள். திருகு வகைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, உபரியைத் துடைத்துவிடலாம்.

வீட்டில் ஒன்றை வாங்கி எல்லாரும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள், ஆளுக்கு ஒன்று. தாத்தாவுக்கு என்றால் திருகு வகையை வாங்கி, திருகிக்கொண்டே வெளியே எடுப்பதை முதலில் உங்கள் கைமுடியில் செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.