ஃப்ரீரென்: முதல் நாலு எபிசோட் பார்த்தாச்சு

2023 அக்டோபர் சீசனில் நான் தொட்ட முதல் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 'ஃப்ரீரென்: பியாண்ட் ஜர்னீஸ் எண்ட்'. செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு, ஜப்பானின் நிப்பான் டிவி சேனல் முதல் நாலு எபிசோடையும் ஒட்டி இரண்டு மணி நேர ஸ்பெஷலாக ஒளிபரப்பியது. வழக்கமாக சினிமா போடுகிற ஸ்லாட் அது. ஒரு புது அனிமேவுக்கு அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் சேனலுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள். ஐந்தாவதிலிருந்து வாரம் ஒன்று, வெள்ளி இரவு 11 மணிக்கு வந்தது. நம்மூரில் க்ரஞ்சிரோல் என்கிற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்தில் கிடைக்கிறது. ஜப்பானிய ஆடியோ, இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தேன்.

நான் டிவி சீரியல் எடிட்டர். சென்னையில் ஒரு எடிட் சூட்டில் உட்கார்ந்து, ஒரு மாமியார் ஒரு காபி டம்ளரைக் கீழே வைப்பதை மூன்று ஆங்கிளில் மூன்று தடவை காட்டிச் சம்பாதிக்கிறவன். அதனால் எதைப் பார்த்தாலும் கதைக்கு முன்னால் லென்த்தான் கண்ணில் படும். இதிலும் முதலில் பட்டது அதுதான்.

அரக்க ராஜாவைக் கொன்றுவிட்டு நாலு பேர் வண்டியில் தலைநகருக்குத் திரும்புகிறார்கள். வீரன் ஹிம்மெல், பூசாரி ஹைட்டர், குள்ளர் இனத்துப் போராளி ஐசென், எல்ஃப் என்கிற நீண்ட ஆயுசு இனத்து மந்திரக்காரி ஃப்ரீரென். பத்து வருஷப் பயணம் முடிந்தது. மற்ற கதைகள் இங்கே வந்து சேரத்தான் ஐம்பது எபிசோட் எடுத்துக்கொள்ளும். இதில் ஆரம்பமே இதுதான். ஹிம்மெல் முதலில் கவலைப்படுவது எதற்கு என்கிறீர்கள்? ஊருக்குப் போனதும் வேலை தேட வேண்டுமே என்று. ராஜா வழிச்செலவுக்குக் கொடுத்தது பத்து செம்புக் காசு என்று ஒரு புலம்பல் வேறு. உலகத்தைக் காப்பாற்றுகிற வேலைக்கு பேட்டா அவ்வளவுதான்.

அன்றிரவு எரிகற்கள் மழையாகப் பொழிகின்றன. ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. "இதைவிட நன்றாகத் தெரிகிற இடம் எனக்குத் தெரியும், அடுத்த தடவை கூட்டிப்போகிறேன்" என்கிறாள் ஃப்ரீரென், அடுத்த வாரம் கடற்கரைக்குப் போகலாம் என்கிற தொனியில். அவளுக்கு ஆயிரம் வயசுக்கு மேல். சொன்னபடி ஐம்பது வருஷம் கழித்து வருகிறாள், அதுவும் ஹிம்மெலிடம் கொடுத்துவைத்த ஒரு கொம்பைத் திரும்ப வாங்க. கதவைத் திறப்பவன் தலை வழுக்கையாகி, உயரம் குறைந்துபோன கிழவன். அவள் துளிகூட மாறவில்லை. இதையே எங்கள் சேனலில் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் புரோமோ ஓடும், கதவு திறக்கவே ஒரு எபிசோட் ஆகும். இங்கே அரை நூற்றாண்டு சில நிமிஷத்தில் போகிறது, ஆனால் அவசரம் தெரியவில்லை. அவளுக்குக் காலம் அப்படித்தான் போயிருக்கும் என்று நம்மையும் நம்ப வைத்துவிடுகிற கட்.

பழைய நாலு பேரும் சேர்ந்து போய் எரிகற்களைப் பார்க்கிறார்கள். பிறகு ஹிம்மெல் இறந்துவிடுகிறான். சாவு வீட்டில் ஃப்ரீரென் அழவில்லை, சுற்றியிருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். குழியை மூடும்போதுதான் அவளுக்கு உடைகிறது. மனுஷ ஆயுசு கொஞ்சம்தான் என்று தெரிந்தும் இவனை ஏன் தெரிந்துகொள்ளாமல் விட்டேன் என்று அழுகிறாள். மற்ற இரண்டு கிழவர்களும் தலையைத் தடவிக் கொடுக்க, "தலையைத் தடவாதே" என்று எரிந்து விழுகிறாள். அழுகையிலிருந்து சிரிப்புக்கு ஒரே வரியில் தாவுகிறது. அங்கே ரீவைண்ட் செய்து இன்னொரு தடவை பார்த்தேன். பழக்கதோஷம்.

டைட்டில் கார்டையும் சொல்ல வேண்டும். நாங்கள் 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று போட்டுவிட்டு அடுத்த சீனுக்குப் போய்விடுவோம். இதில் 'வீரன் ஹிம்மெல் இறந்து 20 வருஷம்' என்று வருகிறது. அதன் பிறகும் அதே கணக்குதான். ஃப்ரீரென் வாயைத் திறந்து அவனை நினைத்து ஏங்குவதாகச் சொல்வதேயில்லை. வருஷத்தைக் கணக்கு வைக்காத எல்ஃபின் கதைக்குக் காலண்டரே அவன் சாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஒரு வசனம் செலவில்லாமல் வேலை முடிந்தது.

இயக்குநர் கெய்இச்சிரோ சைட்டோ. 2022-ல் 'போச்சி த ராக்' அனிமே செய்தவர். அதில் கூச்ச சுபாவமுள்ள கிட்டார் பெண்ணின் மண்டைக்குள் நடக்கிற கூத்தையெல்லாம் திரையில் கொட்டியவர், இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தயாரிப்பு மேட்ஹவுஸ் ஸ்டூடியோ. ஃப்ரீரெனுக்குக் குரல் அட்சுமி டானேசாகி. இதே சீசனில் 'ஸ்பை ஃபேமிலி' இரண்டாம் பாகத்தில் வாண்டு ஆன்யாவாகக் கத்துவதும் அதே அம்மாதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், காது நம்பாது.

எங்கள் அசிஸ்டெண்ட் பையன் 'ஜுஜுட்சு கைசென்' என்கிற அடிதடி அனிமேவின் ஷிபுயா சண்டையில் மூழ்கிக் கிடப்பவன். "அண்ணே, இதுல சண்டை எப்பண்ணே வரும்?" என்றான். மூன்றாவது எபிசோட், தம்பி. எண்பது வருஷமாக முத்திரையிட்டு அடைத்து வைத்திருந்த குவால் என்கிற அரக்கன் வெளியே வருகிறான். 'கொல்லும் மந்திரம்' ஒன்றைக் கண்டுபிடித்து அந்தக் காலத்தில் ஊரையே நடுங்க வைத்தவன். ஹிம்மெல் கோஷ்டியால்கூட ஜெயிக்க முடியாமல்தான் அடைத்தார்கள். ஆனால் அந்த எண்பது வருஷத்தில் மனுஷர்கள் அவன் மந்திரத்தைப் பிரித்து மேய்ந்து, தடுக்க வழி கண்டுபிடித்து, பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பயமுறுத்தும் பெயர் போய், இப்போது அது சாதாரணத் தாக்குதல் மந்திரம். ஃப்ரீரெனின் சிஷ்யை ஃபெர்ன், பதின்வயதுப் பெண், அதைத் தடுத்து நிறுத்துகிறாள். ஒரு சண்டையில் வில்லன் தோற்க இதைவிட நல்ல காரணம் நான் பார்த்ததில்லை. அவன் காலாவதியாகிவிட்டான், அவ்வளவுதான். அந்த முத்திரையை வருஷா வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போனவன் ஹிம்மெல் ஒருவன்தான் என்று ஊர்க்காரர் போகிற போக்கில் சொல்வது தனிக் குத்து.

குறை இல்லாமல் இல்லை. ஊருக்குள் நுழைவது, யாரோ ஹிம்மெல் பெயரைச் சொல்வது, ஒரு பிளாஷ்பேக், ஃப்ரீரெனுக்கு ஒன்று உறைப்பது என்று ஒரு தடம் விழுந்துவிட்டது. நாலாவதில் பிளாஷ்பேக் எங்கே வரும் என்று எனக்குக் கை முன்னாலேயே போய்விட்டது. இவான் கால் இசை அருமைதான், ஆனால் உருக்கமான இடங்களில் வயலின்கள் கொஞ்சம் முந்திக்கொள்கின்றன. படம் தானே அழ வைக்கிறது, ரீரெக்கார்டிங்கில் அரை வால்யூம் குறைத்திருக்கலாம். ஃபெர்னும் இதுவரை பெரும்பாலும் ஒரே முகம்தான். அவளை வளர்த்த ஹைட்டர் சாகக் கிடக்கிற பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே அந்தக் குடிகாரப் பூசாரி ஃப்ரீரெனை ஏமாற்றி இந்தப் பெண்ணுக்குக் குருவாக்குகிற தந்திரம், நாலு எபிசோடிலும் நன்றாக எழுதப்பட்ட இடம்.

இரண்டு மணி நேரமாகப் பார்த்ததால் மெதுவான ஓட்டம் உறுத்தவில்லை. வாரத்துக்கு ஒன்றாக வந்தபோது, வெண்கலச் சிலைக் களிம்பை எடுக்கிற மந்திரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவளோடு எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு கோர் (ஒரு கோர் என்றால் சுமார் மூன்று மாத ஓட்டம்), அதாவது 2024 மார்ச் வரை ஓடியது. பொறுமை இல்லாதவர்கள் இந்த நாலையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பிறகு மொத்தமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடோடு நிறுத்திவிட்டு 'ஸ்லோ' என்று மட்டும் சொல்லாதீர்கள், குவால் வரைக்காவது போய்விட்டுத் திட்டுங்கள்.