மேல்முறையீடு போட்டாச்சு என்று சொல்லியே 3,400 வெள்ளியைச் சுருட்டினார்கள்: உஷார்

ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. 'கோர்ட் பேப்பர் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்' என்று சிங்கப்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் பலகை மாட்டியிருக்கும் ஓர் ஆலோசனை நிலையம். பெயர் போடவில்லை. போனது 3,400 வெள்ளி.

தம்பி மேல் ஒரு சப்ளையர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 42,000 வெள்ளிக்கு வழக்குப் போட்டார். தாள்களைத் தம்பி எப்போதோ காலி செய்த வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். எதிர்க்கப்போகிறோமா இல்லையா என்று சொல்ல 14 நாள்தான். பதில் போகாததால் விசாரணையே இல்லாமல் தம்பிக்கு எதிராக டிஃபால்ட் தீர்ப்பு விழுந்தது.

இங்கேதான் அந்த நிலையத்து ஆளிடம் மாட்டினோம். "அண்ணே, லாயர்னா பத்தாயிரம் கேப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு 3,400தான்" என்று நல்ல தமிழில் பேசி, மேசை நிறைய ஃபைலைக் காட்டினார். பேநவ்வில் பணம் போனது.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு எழுதித் தந்த பிரமாணப் பத்திரத்தில் இருந்தது வெறும் கெஞ்சல்: வேலை இல்லை, பிள்ளைகள் சின்னவர்கள், கருணை காட்டுங்கள். மனுவை விசாரிக்கும் நீதிமன்ற அதிகாரியான துணைப் பதிவாளர் பார்ப்பது அதையல்ல. முறைப்படி வந்த தீர்ப்பை ரத்து செய்ய, விசாரிக்கத் தகுந்த எதிர்வாதம் இருப்பதாகக் காட்ட வேண்டும்: குறைபட்ட சரக்கின் படம், ஏற்கெனவே கட்டிய தொகையின் வங்கிக் கணக்கு. தாள் முறையாகக் கைக்கு வரவில்லை என்றால் தீர்ப்பே முறைகேடானது, அந்த வழி இன்னும் வலுவானது. பழைய வாடகை ஒப்பந்தம் முடிந்த தேதியை இணைத்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். அதைக் கேட்கவே இல்லை! மனு தள்ளுபடி.

மேல்முறையீட்டுக்கு முடிவு வந்த நாளிலிருந்து 14 நாள். "ஃபைல் போயிடுச்சுண்ணே." பிறகு "சிஸ்டம் ஸ்லோ." பிறகு "பாஸ் ஊருக்குப் போயிருக்கார்." கடைசியில் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும், பதில் இல்லை. தாக்கலே ஆகவில்லை. இனி காலநீட்டிப்புக் கேட்க வேண்டும்: எவ்வளவு தாமதம், ஏன், மேல்முறையீட்டில் வெல்ல வாய்ப்பு உண்டா, எதிர்த்தரப்புக்குப் பாதிப்பா என்று நான்கையும் எடைபோடுவார்கள்.

இன்னொரு பொய்: "அப்பீல் போட்டா திவால் நின்னுடும்." நிற்காது. ஸ்டே (தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கும் உத்தரவு) தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடன் 15,000 வெள்ளியைத் தொட்டாலே திவால் மனு போடலாம். ஸ்டாட்யூட்டரி டிமாண்ட் (கடனைக் கட்டச் சொல்லும் சட்டப்படியான நோட்டீஸ்) வந்தால் அதை ரத்து செய்யக் கேட்க 14 நாள், 21 நாளில் கட்டாவிட்டால் கடன்கொடுத்தவர் மனுவோடு போகலாம். திவால் விசாரணையில் போய் 'தீர்ப்பே தப்பு' என்றால் காதில் வாங்கமாட்டார்கள். தீர்ப்பை அது வந்த நீதிமன்றத்தில்தான் உடைக்க வேண்டும், அதுவரை திவால் விசாரணையை ஒத்திவைக்கக் கேட்கலாம். திவால் உத்தரவே வந்துவிட்டால் வெளிநாடு போகவும், பெரும்பாலான வழக்குகளை நடத்தவும் அஃபிஷியல் அசைனி (திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் அரசு அதிகாரி) அனுமதி வேண்டும்.

அவசரமாகச் சில:

லாயரா என்று சட்ட அமைச்சின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். லாயர் அல்லாதவர் காசு வாங்கி வழக்குத் தாள் தயாரிப்பது குற்றம்.

'போட்டாச்சு' என்றால் நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் உள்ள பிரதியைக் கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். நீதிமன்றத் தாள்களைத் தாக்கல் செய்து தரும் சர்வீஸ் பீரோவில் நாமே தாக்கல் செய்யலாம்.

காசு இல்லையா, சட்ட உதவிப் பிரிவு, சமூக மன்ற இலவசச் சட்ட ஆலோசனை இருக்கின்றன.

இந்த 3,400 வெள்ளி போன்ற தொகைக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) போதும், 20,000 வரை, 2 ஆண்டுக்குள். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.