பத்து வயது தாண்டிய மடிக்கணினியில் லினக்ஸ் மிண்ட்: ஓராண்டுக்கு மேலான பயன்பாடு

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில் நகரக் கோயிலின் (நகரத்தார் சமூகத்தின் கோயில்) புள்ளிப் பட்டியலையும் வரவு செலவையும் கணினியில் ஏற்றி வைப்பது நெடுநாளாக என் பொறுப்பு. மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி என்பதால், கல்யாணத்துக்குக் கல்யாணம் பட்டியல் நீளும்; வேலை என்னவோ எழுத்தும் அட்டவணையும் அச்சும்தான். அதற்கு நான் பயன்படுத்துவது 2014இல் வாங்கிய, நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்ட மடிக்கணினி. விண்டோஸ் 8.1 உடன் வந்ததை, 10க்கு இலவசமாக மாறலாம் என்றிருந்த காலத்தில் மாற்றிக்கொண்டேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடியும் என்பது முன்பே தெரிந்த செய்தி. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். காரைக்குடி செக்காலை ரோட்டில் கணினி பழுது பார்க்கும் தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பதினொன்னு இதுல முறையா ஏறாது. குறுக்கு வழியில ஏத்தித் தர்றேன், ஆனா அப்டேட் ஒழுங்கா வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். ஊரார் முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடக்கும் கணினியில் அந்தக் குறுக்கு வழி எனக்கு உவப்பாக இல்லை. ஆகவே 2024 தீபாவளி முடிந்த கையோடு விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மிண்ட் 22இன், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை நிறுவினேன்.

வேகம் கூடியதற்கான புகழை மிண்டுக்கு மட்டும் கொடுப்பது நியாயமாகாது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும், ரேமை 8 ஜிபி ஆக்கியதும்தான் பாதிக்கு மேல் காரணம். என் கணிப்பில், இவ்விரண்டையும் செய்யாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். நிறுவும்போது வந்த ஒரே இடையூறு வைஃபை. அதற்கான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும் என்ற நிலையில், கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து டெதரிங் கொடுத்ததும் டிரைவர் மேலாளர் தானே கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது.

உண்மையான வேலை தமிழில்தான் இருந்தது. பழைய கோப்புகள் அனைத்தும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் அவை படிக்கக் கிடைத்தன என்றாலும், இதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றிவிட முடிவு செய்தேன். பாமினியில் கொம்பு முதலில் தட்டச்சாகும், மெய் பின்னால் வரும். ஒருங்குறியில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். மாற்றி மென்பொருள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிடுகிறது, ஆனால் இடையில் ஒரு வெற்றிடம் தவறி விழுந்திருந்தால் கொம்பு அந்தரத்தில் நின்றுவிடும். அதைவிடத் தொல்லை, தமிழுக்கு நடுவே இருந்த மின்னஞ்சல் முகவரிகள்: மாற்றி அவற்றையும் பாமினி என்றே எண்ணி, வாயில் நுழையாத தமிழாக்கிவிட்டது. மின்னஞ்சல் பத்தியை மட்டும் முதலில் தனியே பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றை மாற்றுவதே பிறகு எனக்குக் கைகொடுத்தது.

இதனால் கிடைத்த ஆதாயம் பெரிது. பாமினியில் அகரவரிசை கேட்டால் சொக்கலிங்கமும் மெய்யப்பனும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள், ஏனெனில் இரண்டு பெயரும் கணினியின் கண்ணுக்கு அதே கொம்பில்தான் தொடங்குகின்றன. இப்போது பெயர்கள் தமிழ் வரிசையிலேயே அடுக்கப்படுகின்றன. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர்கள் ஒரு பெயரைக் கேட்டால் தேடியவுடன் கிடைக்கிறது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளுடன் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலியியல் முறை ஆகிய மூன்று விசைப்பலகை முறைகளும் வந்துவிடுகின்றன.

குறைகளும் உண்டு. எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவரைச் சரிக்கட்ட முடியவில்லை. பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையில் அச்சிட்டுக்கொள்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு உரியது என்பதால் எங்கள் கடைக் கணக்கு அங்குள்ள வேறு கணினியிலேயே தொடர்கிறது. வணிகக் கணக்கையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மோடம் வீட்டின் முகப்பில் இருக்க, நான் உட்காருவது உள்ளே தள்ளியிருக்கும் இரண்டாங்கட்டில். நடுவே சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இருப்பதால் பெரும்பாலும் கைப்பேசி இணையம்தான். முன்பு விண்டோஸ் கேட்காமலே இறக்கும் அப்டேட்டில் அன்றைய டேட்டா கரைந்துவிடும். மிண்ட் புதுப்பிப்பு இருப்பதை ஒரு சிறு அடையாளத்தால் காட்டிவிட்டு, நான் சொல்லும்வரை காத்திருக்கிறது. இடையில் வந்த 22.1, 22.2 பதிப்புகளுக்கும் புதுப்பிப்பு மேலாளர் வழியாகவே, எதையும் அழிக்காமல் மாறினேன். 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. கணினியின் இடப்பக்கக் கீலில் இப்போதே விரிசல் தெரிகிறது. அடுத்த முறை செக்காலை ரோட்டுக்குப் போகும்போது அதைத்தான் விசாரிக்க வேண்டும்.