லோயர் ஆர்மில் பி.யு. புஷ்: சத்தம் வேறு, தேய்மானம் வேறு

சஸ்பென்ஷன் மூட்டுகளில் மெத்தைபோல் இருக்கும் ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் (பி.யு.) புஷ்களைப் போட்டால் காரின் ஆயுள் முழுதும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். மாற்றியவர்களில் பலரோ, சில மாதங்களிலேயே கிரீச்சொலி தாங்காமல் கழற்றிப் போட்டதாகச் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் புஷ் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்த இடம் எந்தத் திசையில் அசைகிறது என்பதை இரு தரப்பினருமே சொல்வதில்லை. ஒரே காரில் ஐந்து இடங்களில் பி.யு. புஷ்களைப் போட்டு, சில ஆண்டுகள் ஓட்டி, அவற்றில் மூன்று இடங்களில் ரப்பருக்கே திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்த தெளிவை இங்கே எழுதுகிறேன்.

கார் முன்சக்கரங்களால் இயங்கும் ஒரு ஹேட்ச்பேக். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும், சக்கரத்தைக் கீழே கார் உடலோடு இணைக்கும் எல் வடிவ லோயர் ஆர்மும், பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீமும் இருக்கின்றன. ஸ்விஃப்ட், ஐ20, போலோ, ஜாஸ் போன்ற சிறிய கார்களிலும் பொதுவாக இதே வகை அமைப்புதான் என்பதால் மாடலின் பெயர் இங்கே முக்கியமில்லை. அன்றாட ஓட்டம் வேளச்சேரிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் இடையில். விடுமுறையில் அவ்வப்போது ஏலகிரி. எண்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கியபோது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. அந்த ரப்பர் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது என்பதே என் எண்ணம். அதன்மேல் எனக்குக் குறையில்லை. ஸ்டியரிங் இன்னும் சற்று இறுக்கமாக, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அலையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பி.யு. கிட் வாங்கினேன்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சத்தத்தின் காரணம் அங்கேதான் இருக்கிறது. ரப்பர் புஷ்ஷில் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். ரப்பர் அதனோடு வல்கனைஸ் செய்து ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது நடுக்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகையில் எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு மீள்கிறது. வழுக்கல் இல்லாததால் கிரீஸ் தேவையில்லை, சத்தமும் இல்லை. தெருக் கார்களுக்கான பி.யு. புஷ்களில் பெரும்பாலானவை அப்படி ஒட்டப்பட்டவை அல்ல. இரண்டு பாதிகளாக வந்து, நடுக்குழாயைச் சுற்றித் தாமே சுழல்பவை அவை. அதாவது, மூட்டு இருந்த இடத்தில் நாம் வைப்பது இன்னும் கெட்டியான ரப்பர் அன்று, ஒரு பேரிங். பேரிங் என்றால் உயவு வேண்டும், தூசியிலிருந்து காப்பு வேண்டும், ஒரே அச்சில் சுழலும் வசதி வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் அது காதுக்கோ டயருக்கோ தெரிந்துவிடும்.

மாட்டிய புதிதில் எந்தச் சத்தமும் இல்லை. கிட்டோடு வந்த பிசுபிசுப்பான சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகப் பூசித்தான் மாட்டினோம். ஸ்டியரிங்கில் வித்தியாசம் உடனே தெரிந்தது. வேகத்தடைகளில் உடம்பிலும் தெரிந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் வேகத்தடைக்கு 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் சொல்கிறது. நம் குடியிருப்புச் சாலைகளில் ஒரே இரவில் முளைக்கும் தடைகளுக்கு அந்த வழிகாட்டுதல் எட்டியதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட குறுகிய மேடுகளில் ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி இப்போது தரைத்தகட்டின் வழியாக இருக்கைக்கு வந்தது. ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 70 வரை கடினம் கொண்டவை. தெருவுக்கென்று விற்கப்படும் பி.யு. புஷ்களோ பெரும்பாலும் 80 முதல் 95 வரை. எண்ணில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு முதுகெலும்பில் சிறிதன்று.

கிரீச்சொலி தொடங்கியது முதல் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு. அது வந்த விதம் கவனிக்கத்தக்கது: மழை பெய்துகொண்டிருந்தபோது கார் முன்னைவிட அமைதியாக இருந்தது, வெயில் அடித்துக் காய்ந்த பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய மரக்கதவு திறப்பதுபோல் முனகத் தொடங்கியது. நனைந்திருக்கும்வரை தண்ணீரே உயவாக இருந்துவிடுகிறது. அதே தண்ணீர் கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருப்பது காய்ந்த பிறகுதான் தெரிகிறது. உலர்ந்த பி.யு. நடுக்குழாயைப் பற்றிக்கொண்டு, விசை கூடியதும் சட்டென்று விட்டு, மறுபடி பற்றுகிறது. அந்தப் பற்றி விடுதல்தான் நாம் கேட்கும் ஒலி. மெதுவாகப் போகும்போது அதிகமாகவும், நெடுஞ்சாலையில் காற்றொலியில் மறைந்தும் போவதால், ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக் காட்டும்போது பெரும்பாலும் வாயைத் திறக்காது.

இங்கே ஒர்க்‌ஷாப்களைப் பற்றி ஒரு சொல். முன்பக்கம் எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புத் தண்டு) மாற்றச் சொல்வது நம் ஊரில் ஏறத்தாழ ஒரு சடங்கு. லிங்க் ராட் கெட்டால் சிறு பள்ளங்களில் ‘டொக் டொக்’ என்று தட்டும். ஸ்ட்ரட் மவுண்ட் கெட்டால் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே ஸ்பிரிங் எகிறும் ஓசை வரக்கூடும். பி.யு. புஷ்ஷின் முனகல் இவை இரண்டிலிருந்தும் வேறானது. காரை நிறுத்திவிட்டு முன்மூலையைக் கையால் அழுத்தி விட்டாலே கேட்கும். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, மறுபடி அழுத்திப் பார்க்கலாம். எந்தப் புஷ்ஷை நனைத்ததும் ஒலி நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. செலவில்லாத இந்தச் சோதனை எனக்கு வீணாக ஒரு ஜோடி லிங்க் ராட் வாங்குவதை மிச்சப்படுத்தியது.

கிரீஸின் வகையும் முக்கியம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் இந்த இடத்தில் நிற்பதில்லை. தண்ணீர் பட்டுக் கழுவிப் போய்விடுகிறது. சிலிக்கான் அடிப்படையிலான, இழுத்தால் நூல்போல் நீளும் கிரீஸ்தான் தாக்குப் பிடிக்கிறது. ஆனால் அதைப் பூச ஆர்மை இறக்கியாக வேண்டும். கழற்றாமலே கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வைத்த புஷ்கள் அரிது. ஆகவே ‘மறந்துவிடலாம்’ என்று விற்கப்படும் பொருள், என் சாலைகளில், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் நினைவில் வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

இனி தேய்மானம். ரப்பரில் சத்தமும் தேய்மானமும் சேர்ந்தே வரும்: வெடித்துப் பிளந்தால்தான் தட்டும். பி.யு.வில் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. முதல் ஆண்டில் கிரீச்சிட்ட, லோயர் ஆர்மின் முன்புஷ்களைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றில் தேய்மானம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கிரீஸ் மட்டுமே போயிருந்தது. சத்தமே போடாத, அதே ஆர்மின் பின்புஷ்கள்தாம் உள்ளுக்குள் அழிந்திருந்தன.

காரணம் அமைப்பில் இருக்கிறது. எல் வடிவ ஆர்மில் முன்புஷ்ஷின் அச்சு காரின் நீளவாக்கில் கிடக்கிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது புஷ் ஏறத்தாழ அந்த ஓர் அச்சிலேயே சுழல்கிறது. பேரிங்குக்கு ஏற்ற வேலை அது. பின்புஷ் என் காரில் செங்குத்தாக நிற்கிறது. அது சுழல்வதைவிடச் சாய்வதே அதிகம்; அதோடு பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் முன்பின்னாக நசுங்கி விசையை வாங்க வேண்டும். கம்பெனி ரப்பர் புஷ்ஷை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு பக்கம் வெற்றிடம் விட்டிருப்பது தெரியும்: முன்பின்னாக மென்மை, பக்கவாட்டில் விறைப்பு. திட்டமிட்டுக் கொடுத்த அந்தத் திசைவேறுபாடு, முழுக்கட்டியாக வார்க்கப்பட்ட பி.யு.வில் இல்லை. சாயவேண்டிய இடத்தில் சாய முடியாமல் அதன் விளிம்புகள் நெரிந்து, பிதுங்கி, துளை வட்டம் மாறி நீள்வட்டமாகியிருந்தது. தேங்கிய தண்ணீரோடு வந்த வண்டல் நடுக்குழாயின் முலாமை அரைத்து, அங்கே துரு பிடித்து, அந்தத் துரு மீண்டும் பி.யு.வை அரைத்திருந்தது. காதுக்கு எதுவும் எட்டவில்லை. அலைன்மென்ட் பார்த்த ஒவ்வொரு முறையும் டோ அளவு (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சற்று மாறிக்கொண்டே வந்ததும், முன்டயர்களின் உள்விளிம்பு முன்னதாகத் தேய்ந்ததும்தான் அறிகுறிகள். பி.யு. போட்ட காரில் சத்தம் இல்லை என்பதை நலத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடப்பாரையால் ஆர்மை நெம்பிப் பார்த்து, எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று கண்ணால் காண்பதே சரியான வழி.

பொருளின் வேதியியலையும் கேட்டு வாங்க வேண்டும். பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வழியில் வருவதும் உண்டு, பாலியீதர் வழியில் வருவதும் உண்டு. முன்னது எண்ணெய்க்கும் உராய்வுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பில் சிதையும்; பின்னது ஈரத்தைப் பெரிதும் தாங்கும். அலமாரியில் வைத்த நல்ல ஷூவின் அடிப்பாகம் சில ஆண்டுகளில் தானே பொடிந்து உதிர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கும் பல வேளைகளில் இதே பொருள், இதே சிதைவு. கடலோர நகரத்தில் வாழும் காருக்கு எது வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கிட்டின் பெட்டியில் நிறமும் கடினமும் பெரிய எழுத்தில் இருக்க, இந்தத் தகவல் பெரும்பாலும் இருப்பதேயில்லை.

பின் டார்ஷன் பீமின் புஷ்களில் பி.யு. போட்டதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: போடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது பீம் முறுகுகிறது, அதன் புஷ்கள் ஒரே நேரத்தில் சுழலவும் சாயவும் வேண்டியிருக்கிறது. ரப்பர் அதை ஒரு வார்த்தை பேசாமல் செய்கிறது. பி.யு. போட்ட பிறகு வளைவில் சிறு மேடு வந்தால் பின்பக்கம் துள்ளியது. டிக்கிக்குள் இருந்து மந்தமான ‘தும்’ என்ற அதிர்வு கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் ரப்பருக்குத் திரும்பிய இடம் அதுதான். அடுத்து லோயர் ஆர்மின் பின்புஷ். எஞ்சின் ஆடாமல் பிடித்திருக்கும் டார்க் ராடில் செருகிய பி.யு. துண்டு, ஏசி ஓடும்போது சிக்னலில் டாஷ்போர்டையே நடுங்க வைத்ததால் அதுவும் வெளியேறியது.

இவற்றுக்கு மாறாக, ஸ்டெபிலைசர் பாரின் டி வடிவப் புஷ்களில் பி.யு. எனக்கு முழு நிறைவைத் தந்திருக்கிறது. பார் அங்கே ஒரே அச்சில்தான் சுழல்கிறது. உட்புறம் வரிவரியாக இருப்பதால் கிரீஸ் தங்குகிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றினாலே பூசிவிடலாம். முதன்முறையாக பி.யு. முயல்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே. லோயர் ஆர்மின் முன்புஷ்ஷிலும் அதை வைத்திருக்கிறேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங் திருப்பியதும் முன்பக்கம் தயங்காமல் திரும்புவது இன்றும் மகிழ்ச்சி தருகிறது. அந்த மகிழ்ச்சியில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களிலிருந்தே வருகிறது என்பது, மற்ற மூன்றையும் ரப்பருக்கு மாற்றிய பிறகும் அது குறையாததிலிருந்து எனக்குத் தெரிந்தது.

மாட்டும் முறையில் இரண்டு செய்திகள். பி.யு. புஷ்ஷில் நடுக்குழாய், புஷ்ஷின் விளிம்பைவிட மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் குழாயைப் பிடிக்கும், புஷ்ஷை நசுக்காது. மலிவான கிட்களில் குழாய் சில வேளைகளில் குட்டையாக வருகிறது. அப்படி வந்தால் எவ்வளவு கிரீஸ் பூசினாலும் சத்தம் நிற்காது. ரப்பருக்குத் திரும்பும்போது இன்னொரு கவனம் வேண்டும். நடுக்குழாய் பூட்டிக்கொள்ளும் வகை என்பதால், சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுதியாக இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். ஆர்மை ஜாக்கால் தூக்கி, கார் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே இறுதி இறுக்கம். ‘புது ரப்பர் ஓராண்டு கூட வரவில்லை’ என்ற புலம்பல்களில் பலவற்றுக்குப் பின்னால் இந்த ஒரு விஷயம்தான் இருக்கும் என்பது என் ஊகம். ராம்ப்பில் ஏற்றிய காரை இறக்காமலே வேலையை முடிப்பது நம் ஒர்க்‌ஷாப்களில் அத்தனை சாதாரணம்.

செலவுக் கணக்கும் ரப்பர் பக்கமே சாய்கிறது. புஷ் விலையைவிட, ஆர்மை இறக்கி பிரஸ்ஸில் கொடுத்து ஏற்றும் கூலியும் அதன்பின் அலைன்மென்ட்டும்தான் பெரியவை, பி.யு. அந்தக் கூலியை கிரீஸுக்காக மீண்டும் மீண்டும் கேட்கிறது. மாதத்தில் சில நாள் மட்டும் வெளியே எடுக்கும், வெள்ளம் பார்க்காத காருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். என் காரைப் பொறுத்தவரை, ஜனவரியில் தரை காய்ந்ததும் முன்புஷ்களையும் டி புஷ்களையும் திறந்து, துடைத்து, குழாயில் துரு இருந்தால் மாற்றி, கிரீஸ் பூசுவது இப்போது வழக்கமான சர்வீஸின் ஒரு பகுதி. அந்தக் குழாய்களைக் கடந்த முறை லேத்தில் துருப்பிடிக்காத எஃகில் கடைந்து வாங்கிக்கொண்டேன். கிட்டோடு வந்த முலாம் பூசிய குழாய்களைவிட அவை ஒரு மழைக்காலத்தைத் தெளிவாகவே நன்றாகக் கடந்திருக்கின்றன.