விண்வெளி நிலையத்து மெட்டல் பிரிண்டர்: ஒரு வெல்டரின் மதிப்பீடு

கம்பியை உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றி உலோகப் பாகம் செய்வது என் அன்றாட வேலை. அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மெட்டல் பிரிண்டர் ஓடத் தொடங்கியதிலிருந்து அதன் படங்களை விடாமல் பார்த்து வருகிறேன். பெரிய உலோகக் கட்டமைப்புகளை விண்வெளியிலேயே அச்சிட்டு எழுப்பிவிடலாம் என்று ரொம்ப காலமாகச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை இந்த மெஷின் எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துத்தான் இதை மதிப்பிடுகிறேன்.

ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக ஏர்பஸ் தலைமையில் செய்த மெஷின் இது. எடை சுமார் 180 கிலோ. 2024 ஜனவரி இறுதியில் சிக்னஸ் சரக்குக் கலத்தில் போனது. விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மோகென்சன் அதை நிலையத்தின் ஐரோப்பியப் பகுதியான கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தில் பொருத்தினார். மே 30 அன்று முதன்முதலாக எஸ் எழுத்து வடிவில் ஒரு வளைகோடு போட்டது. ஆகஸ்டில் முதல் முழுப் பாகம் வெளிவந்தது. அச்சிடக்கூடிய அளவு 9 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலம். ஆமாம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

எனக்கு இதில் முதலில் பிடித்தது, பவுடரை விட்டுவிட்டுக் கம்பியைத் தேர்ந்தெடுத்ததுதான். தரையில் பெரும்பாலான மெட்டல் பிரிண்டர்கள் பவுடரைப் பரப்பி லேசரால் உருக்குகின்றன. பவுடர் பரப்பிய இடத்தில் கிடப்பதற்கே ஈர்ப்பு வேண்டும். எடையற்ற இடத்தில் அந்தத் துகள் மிதந்து போய் ஃபில்டரில் ஏறும், மின்சுற்றில் உட்காரும், மூச்சிலும் கலக்கும். கம்பிக்கு அந்த வம்பே கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஃபீடர் வழியாக வருகிறது, லேசர் அதன் நுனியை உருக்குகிறது, உருகியது கீழே உள்ள அடுக்கோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர்ப்பட்ட ஏற்பாடு இல்லாத, நேரான முறை.

படங்களில் நான் தேடிப் பார்ப்பது, லேசர் பட்ட இடத்தில் உருகிய உலோகம் நிற்கும் சின்னக் குளத்தைத்தான். தரையில் நாங்கள் பீடு, அதாவது உருகிய உலோகம் படிந்து உறையும் கோடு, போடும்போது ஈர்ப்பு அந்தக் குளத்தைக் கீழே அழுத்திப் பரப்பும். ஓரத்தில் சூடு அதிகமானால் வழிந்துவிடும். அங்கே வழிய இடமில்லை, ஆனால் அமுக்கவும் ஆளில்லை. பரப்பு இழுவிசை ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கம்பி வரும் வேகமும் லேசரின் சூடும் ஒத்துப்போகாவிட்டால், உலோகம் படியாமல் நுனியிலேயே குண்டாகத் திரண்டுவிடும். உள்ளே சிக்கிய வாயுக் குமிழும் தானாக மேலே ஏறி வெளியேறாது, ஓட்டையாக உறைந்துவிடும். இந்த நிலையில் அவர்கள் ஒரு வளைகோட்டைத் தொடர்ச்சியாகப் போட்டுக் காட்டியது என் கண்ணுக்குப் பெரிய சாதனை. வளைவில் டார்ச்சின், அதாவது உருக்கும் முனையின், திசை மாறும்போதுதான் பீடின் அகலம் கெடும். அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

பாதுகாப்புக்கும் முழு மதிப்பெண் தருவேன். பெட்டி முழுக்க மூடியது. அச்சிடும் முன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விண்வெளிக்கு விட்டுவிட்டு நைட்ரஜனால் நிரப்புகிறார்கள். ஆள் வசிக்கும் இடத்தில் 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் உலோகத்தை உருக்குவதென்றால் இவ்வளவு கவனம் வேண்டும்தான். மின்விசிறிகளும் மோட்டார்களும் சத்தம் போடுவதால் நாளொன்றுக்குச் சுமார் 4 மணி நேரம்தான் ஓட்டினார்கள். எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. அடுக்குகளுக்கு இடையே பாகம் முழுவதும் ஆறி, மறுநாள் மறுபடி சூடேறினால் உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கம் வேறு மாதிரி இருக்கும். தரையில் அதற்காகவே அடுக்குகளுக்கு இடையிலான வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறோம். இதே பாகங்களைத் தரையிலும் அச்சிட்டு ஒப்பிடும் திட்டம் வைத்திருப்பது இதனால்தான் எனக்கு முக்கியம். எவ்வளவு பலம் தாங்குகிறது என்று இழுத்துப் பார்க்காமல் எந்த வெல்டையும் நம்பக்கூடாது.

இனி பெரிய கட்டமைப்பு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி 6.5 மீட்டர், அதை ஏற்றிச் சென்ற ஏரியான் 5 ராக்கெட்டின் மூக்குக் கூடோ 5.4 மீட்டர் அகலம். அதனால் கண்ணாடியை 18 துண்டாக்கி மடித்து அனுப்பினார்கள். ஏவும்போது வரும் குலுக்கலைத் தாங்கவே கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மேலேயே அச்சிட்டால் மடிக்கவும் வேண்டாம், குலுக்கலையும் எண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: எடை இதில் தானாகக் குறையாது. கம்பியின் எடையை ராக்கெட்தான் சுமந்தாக வேண்டும். இடம்தான் மிச்சம். 100 கிலோ ஸ்டீல் கட்டியாக இருந்தால் சுமார் 13 லிட்டர், அவ்வளவே. குலுக்கலுக்காகக் கூட்டிய தடிமனை விட்டுவிடலாம் என்பதில்தான் எடையும் மிச்சமாகும்.

ஆனால் அந்த இலக்குக்கு இந்தப் பெட்டி பாதை காட்டவில்லை. பெட்டியை விடப் பெரிய பாகம் பெட்டிக்குள் வராது. வெளியே போனால் நிலைமை முற்றிலும் வேறு. காற்று இல்லாததால் சூடு கதிர்வீச்சாகவும், உலோகத்தின் வழியாகவும் மட்டுமே வெளியேறும். குளம் ஆறவே நேரம் பிடிக்கும். உலோகக் கலவையில் சேர்ந்திருக்கும் மக்னீசியம், துத்தநாகம் போன்றவை வெற்றிடத்தில் சட்டென்று ஆவியாகி, கலவையே மாறிவிடும். நிலையம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறுகிறது. 10 மீட்டர் அலுமினிய உத்தரம் 100 டிகிரி சூடேறினால் 23 மில்லிமீட்டர் நீளும். நாம் வைக்கும் அடுக்கோ அதைவிட மிக மெல்லியது. டார்ச் எங்கே வைக்கிறோம் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் அளந்து பார்க்காமல் ஒரு பீடுகூடப் போட முடியாது.

அதே வெற்றிடத்தை வரமாக்கும் முறையும் இருக்கிறது: எலக்ட்ரான் கற்றை. தரையில் அதற்கு வெற்றிட அறை கட்டியாக வேண்டும், அங்கே அது இலவசம். 1969 அக்டோபரில் சோவியத் விண்கலமான சோயூஸ் 6-இல் வீரர் வலேரி குபாசோவ் வல்கன் என்ற கருவியால் வெல்டிங் செய்து பார்த்தார். எலக்ட்ரான் கற்றையும் அதில் ஒரு முறை. 1984 ஜூலை 25 அன்று சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட் 7-க்கு வெளியே வீராங்கனை ஸ்வெட்லானா சவீத்ஸ்கயா கைக்கருவியால் உலோகத்தை வெட்டினார், வெல்ட் செய்தார். நாசாவின் லேங்லி மையம் கம்பியும் எலக்ட்ரான் கற்றையும் சேர்ந்த முறையை விமானத்தில் எடையற்ற நிலையில் சோதித்திருக்கிறது. பெரிய உத்தரம் அச்சிட எனக்கு ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

என் தீர்ப்பு: உடைந்த பிராக்கெட், தேய்ந்த கைப்பிடி, சந்திரப் பயணத்தில் மாற்றுப் பாகம் இவற்றுக்கு 5-க்கு 4 தருவேன். பெரிய கட்டமைப்பு என்ற கணக்கில் 5-க்கு 2. அந்த இரண்டும் கம்பிக்கும் அந்த வளைகோட்டுக்கும். அடுத்த மாடலில் நான் கேட்பது, தான் அச்சிட்ட உத்தரத்தையே பிடித்து நகரும் கை, அடுக்குக்கு அடுக்கு அளக்கும் கேமரா, அடுக்கின் குறுக்கே இழுத்துப் பார்த்த பலத்தின் எண்கள். நீளவாக்கில் இழுத்த எண்ணை மட்டும் தந்தால் போதாது.